குப்பத்து மெம்பருக்கு என்ன தெரிய வேண்டும்?

உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதியவர்கள் பதவியேற்றதும் மேலிருந்து ஒரு கேள்வி இறங்கிவரும். இவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைக் கற்றுத்தர வேண்டும்? ஊர் ஊராகப் போய் அதற்குப் பதில் எழுதித் தருவது என் தொழில். கடிதங்களில் இதற்குத் 'திறன் மற்றும் பயிற்சித் தேவை மதிப்பீடு' என்று பெயர். ஊர்களில் கேட்டால், "டிரெய்னிங்குக்குப் பேர் எழுத வந்திருக்காங்க" என்பார்கள். நெல் விளையும் ஊராட்சிகளிலும், சென்னையை ஒட்டி வீட்டுமனைகளாகிவிட்ட ஊராட்சிகளிலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆனால் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில்தான்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டி உப்புக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கினால் பழவேற்காடு வந்துவிட்டது என்று பொருள். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பரப்பில் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. நான் சொல்லும் கரை மீஞ்சூர் ஒன்றியம். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்நீர் ஏறி இறங்கும், இறால் குஞ்சு உள்ளே வரும், படகு வெளியே போகும். மணல் மூடிக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று குப்பங்கள் நெருங்கி நெருங்கி இருக்கின்றன. சில குப்பங்களும், அவற்றை ஒட்டிய இருளர் குடியிருப்புகளும், மற்றவர்களின் தெருக்களும் சேர்ந்து ஓர் ஊராட்சி. இந்தச் சேர்க்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

அரசியலமைப்பின் 243எஃப் பிரிவுப்படி 21 வயது நிறைந்தவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். சட்டமன்றத்துக்கு 25 ஆக வேண்டும். சட்டமன்றத்தைவிட இளைஞர்களுக்கு முதலில் திறக்கும் கதவு ஊராட்சி. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் திருவள்ளூர் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு 50 விழுக்காடு என்று 2016-இல் சட்டமான இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த முதல் தேர்தல் அது. 2020 ஜனவரி 6-இல் பதவியேற்றவர்களில் இருபதுகளில் இருந்தவர்களும் முப்பதைத் தொட்டவர்களும் கணிசமாக இருந்தார்கள். என் பட்டியலில் 35 வயதுக்கு உட்பட்டவர்கள் 'இளம் பிரதிநிதிகள்'.

அவர்களுக்கு வாய்த்த காலம் கடுமையானது. பதவியேற்ற அதே மாதம் 26-ஆம் தேதி ஒரு கிராம சபையைப் பார்த்தார்கள். மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. அடுத்த கிராம சபை 2021 அக்டோபர் 2-இல்தான் கூடியது. ஐந்தாண்டுப் பதவியில் இருபது மாதம் கிராம சபை என்ற ஒன்றே நடக்காத நிலையில், 'கிராம சபையை வழிநடத்தும் திறன்' என்ற கட்டத்தில் குறைந்த மதிப்பெண் விழுந்தால் அது யாருடைய குறை? மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆளுக்குப் பழகிப்பார்க்க வாய்ப்பு கிடைத்ததா என்பதை. அச்சடித்த கேள்வித்தாளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

அந்தக் கேள்வித்தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பகுதி அறிவுச் சோதனை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் எந்த ஆண்டு, கட்டாயக் கடமைகள் எந்தப் பிரிவில் வருகின்றன, ஆண்டுக்கு எத்தனை கிராம சபை. 1994, பிரிவு 110, முன்பு நான்கு, 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறு. இதையெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பெண். அடுத்த பகுதியில் 'எனக்குத் தலைமைப் பண்பு உண்டு', 'நான் பிறர் கருத்தை மதிக்கிறேன்' என்று வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி ஐந்து கட்டங்கள். குப்பத்து இளைஞர்கள் வந்தவரை மனம் நோகவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தில் டிக் போடுவார்கள். பெண்கள் நடுக்கட்டத்தில் போடுவார்கள். இதைக் கூட்டிக் கழித்து, ஆண்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம், பெண்களுக்குக் குறைவு என்று ஓர் அட்டவணை தயாராகும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1973-இலேயே, அறிவுத் தேர்வில் வாங்கும் மதிப்பெண் வேலையில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதைச் சொல்லாது, வேலையில் சிறந்து நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்து அளக்க வேண்டும் என்று எழுதினார். அரை நூற்றாண்டு கழித்தும் நம் ஊராட்சிகளுக்கு வந்துசேர்வது தேர்வுத்தாள்தான்.

ஓர் இளைஞர் 'திட்டமிடல், வரவுசெலவு' என்ற பகுதி முழுவதையும் வெறுமையாக விட்டிருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், வார்டு மெம்பர். அன்று மாலை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேர் வந்து, தங்கள் முறை எந்த நாள் என்று கேட்டார்கள். அவர் உள்ளேபோய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். பாடு நோட்டு.

பாடு முறையை அறியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீரோட்டம் நன்றாக இழுக்கும் இடமும் உண்டு, ஒன்றும் அகப்படாத இடமும் உண்டு. முந்தியவருக்கே இடம் என்று விட்டால் தினமும் சண்டைதான். அதனால் பாடு உரிமையுள்ள குப்பங்கள் அந்த இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, யார் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்று சுழற்சி வைத்திருக்கின்றன. பங்கு தலைக்கட்டுக்கு. நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த சுற்றில் சாதாரண இடத்துக்குப் போயாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்தப் பங்கீட்டைக் காப்பது ஊர்ப் பஞ்சாயத்து. சட்டப்படியான ஊராட்சி வேறு, இது வேறு. கணக்கை எழுதி வைக்கும் பொறுப்பு எழுத்து வரும் இளைஞர் யாரிடமாவது இருக்கும்.

நோட்டில் பெயர்கள், இடங்கள், நாட்கள் எல்லாம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. நடுவில் ஊரில் சாவு விழுந்து யாரும் தொழிலுக்குப் போகாத நாளும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதால் போகக் கூடாது என்று சொல்லப்பட்ட நாளும் தனியே குறிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கழித்து, வந்தவர்களுக்குத் தேதி சொன்னார். ஒருவர் மறுத்துப் பேசினார். பக்கத்தைத் திருப்பிப் போன சுற்றைக் காட்டினார். பேச்சு முடிந்தது. கிடைப்பது அளவோடு இருக்க, உரியவர் பலராக இருக்க, அதை நேர்மையாகப் பகிர்ந்து, கேட்பவருக்கு ஆதாரம் காட்டத் தெரிவதைவிட வரவுசெலவுத் திறன் என்று வேறெதைச் சொல்வது? மதிப்பீட்டுத் தாளில் அவருக்கு அந்தப் பகுதியில் பூஜ்யம்.

இதோடு நிறுத்தியிருந்தால், மரபு அறிவு இருக்கப் பயிற்சி எதற்கு என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். அப்படி எழுதுபவர்களும் உண்டு. மறுநாள் அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஊராட்சிக்குப் பத்துப் பொதுக்குழாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், எங்கெங்கே போடலாம் என்று மணலில் வரைந்து காட்டச் சொன்னேன். தெருக்களை அச்சாக வரைந்து, வீடுகளை எண்ணி, பத்தையும் தன் குப்பத்துக்குள்ளேயே வைத்து முடித்தார். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த இருளர் வீடுகள் அந்தப் படத்திலேயே இல்லை. கேட்டபோது அவருக்கு வியப்பு. "அது வேற ஊரு மேடம்" என்றார். அவர் சொன்னதில் வஞ்சகம் இல்லை. பாடு நோட்டில் அந்த வீடுகளின் பெயர் வந்ததே கிடையாது. அங்கிருந்து வரும் பெண்கள், கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறிக்குள் போடுபவர்கள், பாடு முறைக்கு வெளியே இருப்பவர்கள். தலைக்கட்டு என்றால் ஆண் என்பதால் குப்பத்துப் பெண்களின் பெயரும் அந்த நோட்டில் ஏறாது.

அவருடைய பயிற்சித் தேவை அந்த மணல் படத்தில்தான் தெரிந்தது. பங்கிடத் தெரிந்தவர், பங்காளிகளின் பட்டியலை ஊராட்சியின் எல்லை வரைக்கும் நீட்டப் பழக வேண்டும். இதை வகுப்பறையில் பாடம் எடுத்துக் கற்பிக்க முடியாது. இருளர் குடியிருப்பிலேயே ஒரு நாள் உட்கார்ந்து, அந்தப் பெண்களையே சமூக வரைபடம் வரையச் சொன்னோம். குடிநீருக்கு அவர்கள் நடக்கும் வழியை அவர்கள் கோடு போட்டுக்கொண்டே போக, நம் மெம்பர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக்குக் குடிநீர் தர 2010-இல் திறந்த, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை இதே ஒன்றியத்தின் காட்டுப்பள்ளிக் கரையில் இருக்கிறது. அந்தப் பெண்கள் குடம் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இது தெரியாமல் ஒருவர் இந்த ஒன்றியத்தில் மக்கள் பிரதிநிதியாக இருக்கலாகாது என்பது என் திடமான எண்ணம்.

அதன்பின் என் முறையை மாற்றிக்கொண்டேன். கேள்வித்தாளைத் தூக்கி எறியவில்லை, கடைசியில் வைத்தேன். முதலில் ஊராட்சிக் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பேன். யார் பேசுகிறார், யார் பேச வாயெடுத்து அடங்குகிறார், தீர்மானப் புத்தகம் யார் மடியில் இருக்கிறது. அதன்பிறகு உண்மையான காகிதம் ஒன்றைக் கையில் கொடுப்பேன். வடிகால் வேலைக்கான மதிப்பீடு, ஓர் அரசாணை, வரைபடம், ஏதாவது ஒன்று. அதை எனக்கு விளக்க வேண்டாம், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விளக்குங்கள் என்பேன். அந்த அம்மா திருப்பிக் கேட்கும் கேள்வியில் உண்மை வெளிவந்துவிடும். மூன்றாவதாக, அந்த மெம்பரோடு தினசரி வேலை இருப்பவர்களைப் பார்ப்பேன். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், ஊராட்சிச் செயலர், குழாயடியில் நிற்கும் பெண்கள். மோட்டார் கெட்டுப்போன அன்று யாருக்கு முதலில் போன் போட்டீர்கள் என்ற ஒரே கேள்வி போதும்.

நிதி விஷயத்தில் உண்மையாகவே தெரியாமை இருந்தது. சட்டப்படி ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் வார்டு மெம்பர்களில் ஒருவர். இளைஞர் ஒருவரைத் துணைத் தலைவர் ஆக்கிவிட்டால் கையெழுத்து வாங்குவது எளிது என்று எண்ணும் ஊராட்சிகள் இருக்கின்றன. நிதிக்குழு மானியம் போன்றவை இணையத்தில் இ-கிராம் ஸ்வராஜ் வழியே போகத் தொடங்கியபின் கையெழுத்து என்பது விரல் அளவு டிஜிட்டல் சாவியாகிவிட்டது. என் தாளில் ஒரு கேள்வி சேர்த்தேன்: உங்கள் டிஜிட்டல் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? "ஆபீஸ்லதான் இருக்கும்" என்று பல இளைஞர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். கடைசியாக எந்த வேலைக்குப் பணம் போனது என்று கேட்டால் தெரியாது. இங்கே பயிற்சி அவசரத் தேவை. பாஸ்புக்கையும் செலவுச் சீட்டுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தால் போதும், பெரும்பாலோருக்குப் புரிந்துவிடுகிறது. பொதுநிதி ஒரு கணக்கு, மின்கட்டணமும் குடிநீரும் ஒரு கணக்கு, திட்டப் பணம் ஒரு கணக்கு. வலைக்கு ஒரு கடன், படகுக்கு ஒரு கடன், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் என்று தனித்தனியாகக் கணக்கு வைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தையல்ல.

தீர்மானம் எழுதுவது அப்படியல்ல. அதற்குக் காலம் பிடிக்கிறது. சில இடங்களில் கிராம சபையில் வருகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், தீர்மானங்கள் பிறகு சாவகாசமாக எழுதப்படும். தான் கைதூக்கி ஆதரித்தது என்ன வாசகத்தில் ஏறியது என்பது மெம்பருக்கே தெரியாது. "முகத்துவாரத்தைத் தூர்வாரித் தர வேண்டும்" என்று ஆண்டுக்கணக்காக ஒரே வாக்கியம் எழுதப்பட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். யார் தூர்வார வேண்டும்? முகத்துவாரத்தில் ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. மீன்வளத் துறை, நீர்வளத் துறை, பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை என்று பல வாசல்கள் இருக்கின்றன. பயிற்சியில் அதே தீர்மானத்தை மறுபடி எழுதச் சொன்னோம். எந்தத் தேதியிலிருந்து படகு போக முடியவில்லை, தரைதட்டி எத்தனை படகு சேதமானது, அதனால் எந்தெந்தக் குப்பம் தொழிலை இழந்தது, எந்தத் துறை எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும், நகல் யாருக்கு. இதற்கான தகவல் ஒவ்வொன்றும் கரையில் நிற்கும் ஆட்களிடமே இருந்தது. எழுதி முடித்தபோது அரைப் பக்கம் வந்தது. அந்த அரைப் பக்கத்தை எந்த அலுவலகத்திலும் மேசைக்கு அடியில் தள்ளிவிட முடியாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் தீர்மானம் வெறும் சடங்கு இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் தரப்பட வேண்டும். அந்தச் சுருக்கத்தை வாங்கி, குப்பத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து, 'மணல் அரிப்பு எந்தப் பக்கம்?' என்று கேள்வி எழுப்பத் தெரிந்த ஒரு மெம்பர் இருந்தால் அந்த ஊர் வேறு ஊர். கல்லூரிக்குப் போய்வந்து கடலுக்கும் போகும் இளைஞர்கள் இப்போது குப்பங்களில் இருக்கிறார்கள். இந்த வேலைக்குப் பிறந்தவர்கள் அவர்கள்.

வரைபடம் படிப்பதில் அவர்கள் எனக்கு ஆசிரியர்கள். 2023-இல் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வந்தபோது, மீனவர்கள் புழங்கும் பொது இடங்கள் அவற்றில் சரியாக இடம்பெறவில்லை என்று தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுக எதிர்ப்பு எழுந்தது. அந்த மாதிரி ஒரு வரைபடத்தை விரித்தபோது, அதுவரை வாயே திறக்காத ஓர் இளைஞர் கைப்பேசியில் ஜி.பி.எஸ். புள்ளிகளைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினார். படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் மணல், கருவாடு போடும் தரை. கடலில் வலை விட்ட இடத்தைப் புள்ளி வைத்துத் தேடிப் போகிறவருக்கு நிலத்தில் புள்ளி வைப்பது சிரமமா என்ன? அவருடைய தாளில் 'தொழில்நுட்பத் திறன்: கணினி தெரியாது' என்று எழுதியிருந்தது.

இனி ஒரு பெண்ணைப் பற்றி. இருபதுகளின் நடுவில் இருந்தவர், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் வென்றவர். எனக்கு முன்னால் போனவர்கள் அவரைப் பற்றி 'தொடர்புத் திறன் குறைவு, ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி தேவை' என்று எழுதியிருந்தார்கள். ஊராட்சிக் கூட்டத்தில் அவர் உண்மையிலேயே ஒரு வார்த்தை பேசவில்லை. விடிகாலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்த வியாபாரியை நிற்கவைத்து, நண்டின் எடையில் நீர் எவ்வளவு, நண்டு எவ்வளவு என்று பேசி விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். சுயஉதவிக் குழுவின் கணக்கும் அவர் கையில்தான். தெருவில் தேங்கும் கழிவுநீர் பற்றிக் கூட்டத்தில் ஏன் பேசவில்லை என்று தனியே கேட்டேன்.

"அக்கா, அங்க ஊர்ப் பெரியவங்க உக்காந்திருக்காங்க. நான் பேசுனா ஊருக்கு மேல பேசுன மாதிரி ஆவும். அப்புறம் என் வீட்டுக்காரரத்தான் கூப்ட்டுக் கேப்பாங்க."

ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஊர்க்கூட்டத்தில் நின்று பேசுவது வழக்கம் கிடையாது. அந்த வழக்கம் ஊராட்சி அலுவலகத்துக்குள்ளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஆளுமை மேம்பாடு என்று வகுப்பெடுப்பது அவரை அவமதிப்பது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நடைமுறை உத்தி. கூட்டத்துக்கு முன்பே தான் பேச விரும்பும் பொருளை எழுத்தில் கொடுத்து அஜெண்டாவில் ஏற்றிவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தோம். ஏறிவிட்டால் அதை வாசிக்க வேண்டியது செயலர். இவர் எழுந்து 'ஊருக்கு மேல்' பேச வேண்டியதில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். பக்கத்து வார்டுப் பெண் மெம்பர் வழிமொழிவார். கழிவுநீர் வடிகால் அப்படித்தான் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. பயிற்சித் தேவை என்ற கட்டத்தில் அவர் பெயருக்கு எதிரே இதை எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரி எழுதினேன்: தலைவருக்கும் ஊர் நிர்வாகிகளுக்கும், பெண் பிரதிநிதிகளின் உரிமை குறித்து ஒரு நாள் அமர்வு வேண்டும். பயிற்சி தேவைப்பட்டவர்கள் அவரைச் சுற்றி இருந்தவர்கள்.

இங்கிருந்துதான் என் அறிக்கைகளில் மூன்றாவது ஒரு பத்தி வந்தது. ஒருவர் ஒரு வேலையைச் செய்யவில்லை என்றால், தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் பழக்கமில்லாமல் இருக்கலாம். தெரிந்தும் பழகியும், செய்ய விடப்படாமல் இருக்கலாம். முதல் இரண்டுக்கும் பயிற்சி மருந்து. மூன்றாவதற்குப் பயிற்சி கொடுப்பது பணத்தையும் அந்த இளைஞரின் நாளையும் வீணாக்குவது. 'பயிற்சியால் தீராதவை' என்று அந்தப் பத்திக்குப் பெயர் வைத்தேன். எனக்கு வேலை கொடுத்த இடங்களில் ஒன்றில் அதை நீக்கிவிடச் சொன்னார்கள். பயிற்சித் தேவை கேட்டால் பயிற்சித் தேவையை மட்டும் எழுதுங்கள் என்றார்கள். நான் நீக்கவில்லை. மறுத்தபின் அது பின்னிணைப்பாகப் போனது. பின்னிணைப்பாகவாவது போனது.

அந்தப் பத்தியில் அதிகம் இடம்பிடித்தது ஓர் இளைஞர் கேட்ட கேள்வி. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 பொருள்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஐந்தாவது, மீன்வளம். அவர் அதைப் படித்துவிட்டு வந்திருந்தார். "மீன்வளம் எங்களுதுன்னு எழுதியிருக்கு. அப்ப ஏரியப் பத்தி முடிவெடுக்கறப்ப எங்கள ஏன் கூப்பிடறதில்ல?" அந்த 29-இல் எவற்றை, எவ்வளவு அதிகாரத்தோடு தருவது என்பதை மாநிலச் சட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நிலத்தை நம்பிய ஊராட்சிக்கு ஏரி குளம் எப்படியோ அப்படியே இவர்களுக்கு இந்த உவர்நீர். ஆனால் பயிற்சிக் கையேட்டில் பண்ணைக்குட்டை வெட்டுவதும் வரப்பு உயர்த்துவதும்தான் உதாரணங்கள்.

சூழ்நிலையைச் சொல்லி முடிவு கேட்கும் முறையும் எனக்குப் பயன்பட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வந்தவர்கள் படகில் ஏற்றிப்போகச் சொல்லி நிற்கிறார்கள். தொழில் இல்லாத நாள், ஊர்ப் பையன்கள் ஓட்டத் தயார். உங்களிடம் வந்து, 'அண்ணா, நீ மெம்பர், நீ சொன்னா போதும்' என்கிறார்கள். என்ன செய்வீர்கள்? 2011 டிசம்பர் 25-இல் இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இந்தக் கேள்வியை இங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்தவர்கள் உண்டு. ஒரு பெண் மெம்பர் மட்டும், அனுமதி தருவது யார், உயிர்காப்பு உடுப்பு யார் வாங்குவது, எத்தனை பேர் ஏறலாம் என்று யார் எண்ணுவது என்று என்னையே கேட்டுக்கொண்டு போனார். பையன்களுக்கு வருமானமும் வேண்டும், உயிரும் போகக் கூடாது என்ற இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவருடைய படிப்பு எட்டாம் வகுப்பு.

பயிற்சி எங்கே, எப்போது என்பதும் தேவையின் ஒரு பகுதிதான். மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனத்தில் நல்ல ஆசிரியர்களும் நல்ல நூலகமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1993-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும் இளம் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பயிற்சியைத் தன் பணியாகக் கொண்ட இடம். இரண்டும் சென்னைக்கு மறுபக்கம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து சென்னை, சென்னையைக் கடந்து அந்தப் பக்கம். விடிகாலை ஏலத்துக்குப் போகும் பெண் சில நாள் தங்கிப் படிக்க வேண்டுமென்றால் அத்தனை நாள் வருமானத்தையும், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் கணக்கிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையோடு ஏரியில் இறால் வரத்து கூடும் மாதங்களில் வைத்தால் ஆண்களும் வரமாட்டார்கள். வராதவர்களின் பெயருக்கு எதிரே 'ஆர்வம் இல்லை' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர்களுடைய பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளின் பொறுப்பைத் தனி அலுவலர்கள் ஏற்றார்கள். தொடக்கத்தில் கொரோனாவில் போன மாதங்களைக் கழித்துப் பார்த்தால், தீர்மானம் எழுதவும் கணக்குக் கேட்கவும் பழகி நிமிர்ந்த நேரத்தில் காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு மாறிவிட்டால் இவர்களில் சிலர் அதே வார்டில் நிற்கவே முடியாது. ஆனாலும் அவர்களில் சிலர் சும்மா இருக்கவில்லை. திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகும் மனுக்களில், என்ன பாதிப்பு, எந்தத் துறை, எந்த நாளுக்குள் என்ற அந்த அரைப் பக்க வடிவத்தை நான் இப்போதும் பார்க்கிறேன்.

இவர்களையே அடுத்து வருபவர்களுக்குப் பயிற்றுநர்களாக வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதவியேற்ற முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும், பழவேற்காட்டிலேயே நடத்த வேண்டும், ஏலம் முடிந்த பிற்பகலில் வைக்க வேண்டும். வருகிற பெண்களுக்கு அன்றைய வருமான இழப்பை ஈடுசெய்ய வேண்டும். ஒரு நாள் அமர்வு கட்டாயம் இருளர் குடியிருப்பில். ஊர் நிர்வாகிகளுக்குத் தனி அமர்வு ஒன்று, அதில் அந்த ஊரின் பெண் மெம்பர் பார்வையாளராக அல்லாமல் பேச்சாளராக. பயிற்சிக்கு முந்திய வாரம் நான் வந்து கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.